திறப்புக் கொத்தும் இடைச்செருகலும்

பழைய அரண்மனைகளின் சரித்திரத்தைப் படிப்போர் அரசரையும் அமைச்சரையும் படைத்தலைவரையுமே உற்றுநோக்குவர். இடுப்பிலே திறப்புக் கொத்தைச் செருகிக்கொண்டு கட்டுக்குக் கட்டு நடந்து திரிந்த காரியஸ்தனை எவரும் பொருட்படுத்துவதில்லை. களஞ்சியமும் ஆயுதசாலையும் அவன் கையிலிருந்தன என்பதை உள்ளே நுழைய எண்ணிய பகைவன் மாத்திரம் நன்கு அறிந்திருந்தான். இன்று நான் கூறப்புகும் வரலாறு கணினி உலகத்துக் காரியஸ்தனைப் பற்றியது.

வங்கிக் கணக்கு, வைத்தியசாலைப் பதிவேடு, பரீட்சைப் பெறுபேறு ஆகியவற்றைத் தன்னகத்தே வைத்திருந்து, கேட்போர்க்குக் கேட்டவாறு எடுத்து வழங்கும் கணினியைச் சேவையகம் என்கின்றோம். ஒரு பெரிய நிறுவனத்தில் இவை நூற்றுக்கணக்கில் இருக்கும். ஒவ்வொன்றின் முன்னும் அமர்ந்து கட்டளையிடுதல் இயலாத காரியமாகையால், ஓரிடத்திலிருந்தே அனைத்தையும் ஆள்வதற்கென்று சேவையக முகாமைத்துவ மென்பொருள்கள் எழுந்தன. புதிய பயனாளரைச் சேர்த்தல், கடவுச்சொல் மாற்றல், பழுது பார்த்தல் முதலிய யாவற்றையும் செய்ய வேண்டியிருத்தலின், இம் மென்பொருளுக்கு ஒவ்வொரு கணினியிலும் மிக உயர்ந்த அதிகாரம் கொடுக்கப்படுகின்றது. அதிலே ஒரு துவாரம் ஏற்படின், அது ஓர் அறையில் ஏற்பட்ட துவாரமாக நின்றுவிடாது.

துவாரங்கள் இருவகைப்படும். ஆக்கியோனின் கவனக்குறைவினால் நேர்வது ஒன்று. பிறர் வேண்டுமென்றே நுழைப்பது மற்றொன்று. தமிழ் படித்த நமக்கு இரண்டாவதை விளங்கிக்கொள்ளுதல் எளிது. ஏடெழுதுவோன் ஆசிரியன் பாடாத செய்யுளை நடுவே வைத்துவிடும் இடைச்செருகலே அது. மென்பொருளுக்கும் மூலம் உண்டு, பிரதி உண்டு. மனிதர் எழுதுவது மூலநிரல். அது தயாரிப்புக் கணினி என்னும் பட்டறையிலே பொதியாகக் கட்டப்பட்டு உலகெங்கும் அனுப்பப்படுகின்றது. நாம் பெறுவது பொதியையேயாம். மூலத்தைத் திறந்து பார்ப்போர் சிலர். மூலத்தையும் பொதியையும் ஒப்பிட்டுப் பார்ப்போர் மிகச் சிலர்.

இவ்வபாயத்தை யுனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியோருள் ஒருவரான கென் தொம்சன் முன்னரே எடுத்துரைத்தார். 1983ஆம் ஆண்டுக்குரிய டூரிங் விருதைப் பெற்ற அவர் அவ்வேளை ஆற்றிய உரை 1984இல் அச்சாயிற்று. மூலநிரலைப் பொறிமொழியாக்கும் தொகுப்பியிலேயே சூழ்ச்சியை ஒளித்துவைத்தால், மூலத்தை வரிவரியாகப் படித்தாலும் குற்றம் புலப்படாது என்று அவர் காட்டினார். இக்கருத்தின் வித்து முன்னொரு காலத்து அமெரிக்க வான்படையின் ஆய்வொன்றிலே தாம் கண்டது என்றும் அவர் சொல்லிவைத்தமை பாராட்டத்தக்கது. உரையைப் போற்றியோர் பலர். எனினும் பட்டறைக்குக் காவல் வைக்கும் வழக்கம் நெடுங்காலம் பரவவில்லை.

இனி வெப்மின் என்னும் மென்பொருளின் கதைக்கு வருவோம். ஜேமி கமரன் என்பவர் ஆக்கி 1997இல் வெளிவந்த இம்மென்பொருள், யுனிக்ஸ் வகைச் சேவையகங்களை இணைய உலாவியின் வழியே ஆள்வதற்கு உதவுவது. இலவசமானது, மூலநிரலும் யாவரும் காணத்தக்கதாய் வெளியிடப்பட்டிருந்தது. 2018 ஏப்பிரல் மாதத்தில் எவனோ ஒருவன் இதன் தயாரிப்புக் கணினியினுள் புகுந்தான். காலாவதியான கடவுச்சொல்லை மாற்ற உதவும் சிறு கோப்பு ஒன்றைத் தெரிந்தெடுத்தான். படிவத்தில் வந்து சேரும் எழுத்துக்களைக் கட்டளையாகவே ஏற்று நிறைவேற்றும்படி அதிலே சில சொற்களைச் செருகினான். உள்நுழையும் உரிமை இல்லாதவனும், கடவுச்சொல் ஒன்றும் அறியாதவனும், அச்சேவையகத்தின் முழு அதிகாரியாகிவிடலாம் என்பதே இதன் பொருள்.

அவன் செய்த மற்றொரு காரியம் என்னை வியக்கவைத்தது. கோப்பின் திகதியைப் பின்னோக்கித் திருத்திவைத்தான். திருத்தங்களைப் பட்டியலிட்டுக் காட்டும் முறை, பழைய திகதியைக் கண்டு, இக்கோப்பில் மாற்றம் எதுவுமில்லை என்று எண்ணிக் கடந்து சென்றது. சாசனத்தின் ஆண்டை மாற்றி எழுதும் போலியாளரைப் பற்றி நாம் சரித்திர வகுப்பிலே கற்பிப்பதுண்டு. அதே உபாயம் இங்கும் பலித்தது. அந்தச் செருகலோடு 1.890ஆம் பதிப்பு வெளியாயிற்று. பின்னர் களஞ்சியத்திலிருந்த நல்ல பிரதி அவ்விடத்தில் வைக்கப்பட்டது. ஆனால் அவ்வாண்டு யூலை மாதத்தில் அவன் மீண்டும் வந்தான். இம்முறை, காலாவதிக் கடவுச்சொல் மாற்றும் வசதியை இயக்கி வைத்திருப்போரை மாத்திரம் தாக்கத்தக்கதாய்ச் செருகலை அடக்கமாக அமைத்தான். 1.900ஆம் பதிப்பு அதனையும் சுமந்து சென்றது.

செத்தெம்பர் 10ஆம் திகதி அப்பழைய கணினி ஒதுக்கப்பட்டுப் புதியது நிறுவப்பட்டது. இத்துடன் நோய் தீர்ந்திருக்க வேண்டும் அல்லவா? தீரவில்லை. பழைய கணினியின் காப்புப் பிரதியிலிருந்து தயாரிப்புக் கோப்புறை அப்படியே புதியதற்குள் இறக்கப்பட்டது. வீட்டை மாற்றியோர் கறையான் பிடித்த பெட்டியையும் கூடவே கொண்டுசென்றனர். 1.920ஆம் பதிப்பு வரை அச்செருகல் தொடர்ந்தது.

2019 ஓகத்து மாதம், லாஸ் வேகாஸ் நகரத்தில் நடந்த டெஃப்கொன் மாநாட்டிலே, துருக்கிய ஆய்வாளர் ஒஸ்கான் முஸ்தபா அக்குஷ் இத்துவாரத்தைப் பகிரங்கப்படுத்தினார். முன்னறிவித்தல் கிடைக்காமையால் 17ஆம் திகதியே செய்தி ஆக்கியோரை எட்டிற்று. அவர்கள் தாமதமின்றி 1.930ஆம் பதிப்பை வெளியிட்டதோடு, நடந்தவற்றைத் திகதிவாரியாக எழுதியும் வைத்தனர். மேலே நான் கூறியவற்றுட் பெரும்பாலானவை அவர்கள் எழுத்திலிருந்தே பெறப்பட்டவை. தம் வீட்டுக் களவை இவ்வளவு ஒளிவின்றிச் சொல்வோர் அரியர்.

அதே 2019ஆம் ஆண்டின் பிற்பகுதியில், டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த சோலார்விண்ட்ஸ் நிறுவனத்தின் பட்டறையிலே இதனினும் நுட்பமான கைவேலை தொடங்கியது. அந்நிறுவனத்தின் ஓரியன் என்னும் மென்பொருள், பெரிய வலையமைப்புகளையும் சேவையகங்களையும் கண்காணிப்பது. உட்புகுந்தோர் முதலில் தீங்கற்ற சில வரிகளைச் சேர்த்து, எவரேனும் கவனிக்கின்றனரா என்று பரீட்சித்தனர். எவரும் கவனிக்கவில்லை. பின்பு, தயாரிப்பு நடைபெறும் கணப்பொழுதிலே மூலக்கோப்பை எடுத்து மாற்றுக்கோப்பை வைத்து, பணி முடிந்தவுடன் மூலத்தைத் திரும்ப வைத்துவிடும் சிறு நிரலொன்றைக் காவல் இருத்தினர். ஆகவே மூலத்தைச் சோதித்தால் அது மாசற்றிருக்கும். கட்டிய பொதியிலோ நஞ்சு இருக்கும். அதன்மீது நிறுவனத்தின் மெய்யான இலத்திரனியல் முத்திரையும் விழுந்திருக்கும்.

2020 மார்ச்சு முதல் அப்பொதியைப் பெற்றோர் ஏறத்தாழ 18,000 வரையினர். இரு வாரமளவு உறங்கிக் கிடந்து பின்னரே விழிக்கும்படி அது இயற்றப்பட்டிருந்தது. அமெரிக்கத் திறைசேரி உட்பட ஒன்பது அரச நிறுவனங்களிலும், சுமார் நூறு தனியார் நிறுவனங்களிலும் ஒற்றர் உலாவினர். வெளிப்பட்ட விதமோ மிக எளியது. ஃபயர்ஐ என்னும் பாதுகாப்பு நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் பெயரில் இரண்டாவது தொலைபேசி பதிவாகியிருப்பதைக் கண்டோர், இது உம்முடையதா என்று அவரையே கேட்டனர். அவர் இல்லை என்றார். அவ்வொரு சொல்லின் பின்னேயே துருவிச் சென்று 2020 திசெம்பரில் முழுச் சூழ்ச்சியையும் கண்டனர். 2021 ஏப்பிரலில் அமெரிக்க அரசு ருசிய வெளிநாட்டு உளவுச் சேவை மீது குற்றஞ்சாட்டியது, ருசியா மறுத்தது.

முதல்வகைத் துவாரத்தின் கொடுமையையும் மறத்தல் ஆகாது. கசேயா நிறுவனத்தின் முகாமைத்துவ மென்பொருளில் இருந்த குறையொன்றை நெதர்லாந்து ஆய்வாளர் 2021 ஏப்பிரலிலே நாகரிகமாக அறிவித்தனர். திருத்தம் தயாராகிக்கொண்டிருந்த வேளை, யூலை 2ஆம் திகதி, கப்பங்கேட்கும் கூட்டமொன்று முந்திக்கொண்டது. நேரடியாகத் தாக்குண்டோர் அறுபதினும் குறைவு. அவர்கள் பராமரித்துவந்த 1,500 வரையான சிறு நிறுவனங்களும் உடன் முடங்கின. சுவீடனில் கூப் அங்காடிகள் சுமார் 800இற் பெரும்பாலானவை பணப்பதிவு இயந்திரம் இயங்காமையால் மூடப்பட்டன. நியூசிலாந்திலே பாடசாலைகள் சிலவும் பாதிப்புற்றன. பாலும் பாணும் வாங்கச் சென்று பூட்டிய கதவைக் கண்டோருள் எத்தனை பேர் கசேயா என்னும் பெயரைக் கேள்வியுற்றிருப்பர்?

இடைச்செருகலுக்கு மருந்து ஏடு ஒப்பிடுதலே. டேவிட் வீலர் என்பவர், தொம்சன் காட்டிய சூழ்ச்சியை இருவேறு தொகுப்பிகளின் துணைகொண்டு வெளிப்படுத்தலாம் என்று 2005இல் எழுதினார். 2013 முதல் டெபியன் இயங்குதளத்தைப் பேணும் தொண்டர்கள் இம்மருந்தைப் பெருமளவில் அரைக்கத் தொடங்கினர். ஒரே மூலத்தை வெவ்வேறு இடத்திலுள்ளோர் தனித்தனியே பொதியாகக் கட்டி ஒப்பிட்டால், ஓரெழுத்தும் மாறாதிருத்தல் வேண்டும் என்பது அவர்கள் முறை. வெப்மின் ஆக்கியோரும் பட்டறையில் தங்கிய கோப்புறையைக் கைவிட்டுக் களஞ்சியத்து மூலத்திலிருந்தே பொதி கட்டலாயினர். ஒப்பிடும் வேலை தொடங்கியபோது, குற்றமற்ற பொதிகளும் ஒன்றோடொன்று ஒவ்வாது நின்றன. காரணம் பல, அவற்றுள் முதன்மையானது, ஒவ்வொரு பட்டறையும் பொதி கட்டிய வேளையைப் பொதியினுள்ளேயே பொறித்துவந்தமை. ஆதலின் அத்தொண்டர்கள் முதலிற் செய்ய வேண்டியிருந்த பணிகளுள் ஒன்று, ஆயிரக்கணக்கான பொதிகளிலிருந்து அத்திகதிகளைத் தேடிக் களைவது.