மின்னூல் படிப்பான்

மின்னூல் படிப்பான் என்பது மின்னூல்களைச் சேமித்துப் படிப்பதற்கென்றே உருவாக்கப்பட்ட கையடக்க மின்னணுக் கருவி ஆகும். கணினியிலும் நகர்பேசியிலும் மின்னூல்களைப் படிக்கலாம் எனினும், மின்மைத் திரை கொண்ட கருவிகளே பொதுவாக இப்பெயரால் குறிக்கப்படுகின்றன. அன்றாட வாழ்வில் அச்சு நூலுக்கு இது மாற்றாக அமைவது, வாசகரின் மொழியில் நூல்கள் கிடைப்பதையும் பொறுத்தது.

செயற்பாடு

மின்மைத் திரையின் நுண்ணுறைகளுள் எதிரெதிர் மின்னேற்றம் கொண்ட கறுப்பு, வெள்ளைத் துகள்கள் உள்ளன. மின்னழுத்தத்துக்கு ஏற்ப இவற்றுள் ஒன்று மேலே வந்து எழுத்தாகவோ வெற்றிடமாகவோ தோன்றுகிறது. பக்கம் மாறும்போது மட்டுமே திரை மின்சாரத்தைப் பயன்படுத்துவதால், ஒருமுறை மின்னேற்றினால் சில வாரங்கள் வரை படிக்கலாம். தாளைப் போன்று வெளியொளியை எதிரொளிப்பதால் வெயிலிலும் எழுத்துகள் தெளிவாகத் தெரியும்.

வரலாறு

மின்மைத் திரை கொண்ட சோனி லிப்ரியே 2004 ஆம் ஆண்டு சப்பானில் விற்பனைக்கு வந்தது. அமேசான் கிண்டில் 2007 நவம்பரில் ஐக்கிய அமெரிக்காவில் வெளியானது. கிண்டிலின் இந்திய விற்பனைத் தளம் 2012 இல் தொடங்கப்பட்டது.

தமிழ் நூல்கள்

தமிழ் மின்னூலாக்கம் இக்கருவிகளுக்கு முற்பட்டது. கு. கல்யாணசுந்தரம், பா. குமார் மல்லிகார்சுனன் ஆகியோர் முன்னெடுத்த மதுரைத் திட்டம் 1998 பொங்கல் நாளில் தொடங்கியது. தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதி, மெய்ப்புப் பார்த்து, இலவசமாக வெளியிட்டனர். தொடக்கத்தில் திஸ்கி போன்ற குறியாக்கங்களும் பின்னர் ஒருங்குறியும் பயன்பட்டன.

ஒருங்குறியை முறையாகக் காட்டாத கருவிகளில் 'கொ' போன்ற எழுத்துகளின் கொம்பு இடம் மாறித் தோன்றும். பெரிய தாளுக்கென வடிவமைத்த பிடிஎப் கோப்பில் எழுத்து மிகச் சிறுத்துவிடும். இதனால், 2013 இல் தொடங்கிய ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தன்னார்வத் திட்டம், கிரியேட்டிவ் காமன்சு உரிமத்திலான நூல்களை இபப், மோபி வடிவங்களுடன் ஆறு அங்குலத் திரைக்கேற்ற பிடிஎப் வடிவிலும் வெளியிட்டது. கிண்டில் விற்பனைத் தளத்தில் தமிழ் நூல்கள் 2016 டிசம்பரில் முறையாக அறிமுகமாயின.

அச்சு நூலுடன் ஒப்பீடு

• வாசிப்பு: படிப்பானில் எழுத்தின் அளவைப் பெரிதாக்கலாம், இது முதியோருக்கு உதவும். படங்களும் அட்டவணைகளும் மிகுந்த பாடநூல்களுக்கு அச்சே வசதியானது.
• பராமரிப்பு: மாமல்லபுரம், கல்பாக்கம் போன்ற கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் தாள் பூஞ்சை பிடிக்கக்கூடும். உப்புக்காற்று மின்கருவிகளின் உலோகப் பகுதிகளையும் அரிக்கும்.
• உடைமை: அச்சு நூலை இரவல் தரலாம், பழைய புத்தகக் கடையில் விற்கலாம். விலைக்கு வாங்கும் மின்னூல் பெரும்பாலும் படிப்பதற்கான உரிமம் மட்டுமே. பதிப்புரிமைச் சிக்கல் காரணமாக 2009 சூலையில் அமேசான், சியார்ச் ஆர்வெல்லின் 1984, விலங்குப் பண்ணை ஆகியவற்றின் சில படிகளை வாங்கியோரின் கருவிகளிலிருந்தே நீக்கிப் பணத்தைத் திருப்பியளித்தது.

பாதுகாப்பு

நூலின் ஆயுள் அது எழுதப்பட்ட பொருளை மட்டும் பொறுத்ததன்று. உ. வே. சாமிநாதையர் 1887 இல் சீவக சிந்தாமணியை ஏட்டுச்சுவடிகளிலிருந்து அச்சேற்றினார்; அவ்வாறு பெயர்க்கப்படாத சுவடிகள் பல அழிந்தன. மின்னூலுக்கும் இது பொருந்தும். கோப்பு வடிவங்கள் வழக்கொழியும்போது அவற்றைப் புதிய வடிவத்துக்கு மாற்றுவோர் தேவை. பல இடங்களில் தடையின்றிப் படியெடுத்து வைக்கக்கூடிய நூல்களுக்கே இதற்கான வாய்ப்பு மிகுதி.

இவற்றையும் பார்க்க

• மின்னூல்
• மதுரைத் திட்டம்
• ஓலைச்சுவடி
• ஒருங்குறி