ஃபெரெட் தும்மியது

1918-இல் உலகெங்கும் பல கோடிப் பேரைக் கொண்டுபோன இன்ஃப்ளுயன்ஸாவைச் சென்ற வாரம் பார்த்தோம். கொன்ற கிருமி எது என்று அன்றைய மருத்துவர்களுக்குத் தெரியாது. தெரியும் என்று பலர் நம்பிக்கொண்டிருந்ததுதான் கொடுமை.

1892-இல் ஜெர்மனியின் ரிச்சர்ட் ஃபைஃபர் நோயாளிகளின் சளியில் ஒரு பாக்டீரியாவைக் கண்டு, நோய்க்குக் காரணம் அதுவே என்றார். பெரிய விஞ்ஞானி, அவர் சொல் நிலைத்துவிட்டது. 1918-இல் பல நோயாளிகளிடம் அந்த பாக்டீரியா அகப்படவேயில்லை. அப்போதும் தேடியவர்களில் பலர் தங்கள் கைத்திறனைத்தான் சந்தேகித்தார்கள். அந்த பாக்டீரியாவை வைத்தே தடுப்பூசிகூடத் தயாரித்தார்கள். அந்த ஊசியை நம்பிக் கை நீட்டியவர்களை நினைத்தால் மனம் கனக்கிறது.

வைரஸாக இருக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். ஆனால் சோதித்துக் காட்ட, மனிதரின் ஃப்ளூ தொற்றக்கூடிய ஒரு விலங்கு வேண்டுமே!

வழி காட்டியது நாய்களின் நோய். பிரிட்டனில் டிஸ்டெம்பர் வேட்டை நாய்களை வாரிக்கொண்டு போனபோது, 'தி ஃபீல்ட்' பத்திரிகை ஆராய்ச்சிக்கு நிதி திரட்டியது. லண்டனை ஒட்டிய மில் ஹில்லில் பேட்ரிக் லெய்ட்லாவும் ஜார்ஜ் டங்கினும் அந்த ஆய்வைச் செய்தார்கள். கீரியைப் போன்ற ஃபெரெட் என்ற சிறு விலங்குக்கு டிஸ்டெம்பர் எளிதில் தொற்றும். அதைக் கொண்டே தடுப்பூசி வரை போனார்கள்.

1933 தொடக்கத்தில் லண்டனில் ஃப்ளூ பரவியது. வில்சன் ஸ்மித், கிறிஸ்டோபர் ஆண்ட்ரூஸ், லெய்ட்லா மூவரும் அதே விலங்கிடம் போனார்கள். நோயாளி தொண்டை கொப்பளித்துத் துப்பிய நீரை, பாக்டீரியா புக முடியாத நுண்வடிகட்டியில் வடித்து, ஃபெரெட்டின் மூக்கில் விட்டார்கள். இரண்டு நாளில் காய்ச்சல், மூக்கொழுகல், தும்மல்! தேறிய ஃபெரெட்டுக்கு மறுபடி நோய் வரவில்லை. ஃப்ளூவிலிருந்து மீண்ட மனிதரின் சீரம் அந்தக் கிருமியை முடக்கியது. ஜூலையில் 'லான்செட்' இதை வெளியிட்டது. ஸ்மித்துக்கும் ஃப்ளூ வந்தது. அவரிடமிருந்து எடுத்த வைரஸுக்கு அவர் பெயரின் முதலெழுத்துகளையே வைத்து 'டபிள்யூ.எஸ்.' என்றார்கள்.

1936-இல் ஆய்வாளர் சார்லஸ் ஸ்டூவர்ட்-ஹாரிஸ் நோயுற்ற ஒரு ஃபெரெட்டைப் பரிசோதிக்கையில் அது அவர் முகத்துக்கு நேரே தும்மியது. இரண்டு நாளுக்குள் அவர் படுத்துவிட்டார். அவர் தொண்டையிலிருந்து எடுத்த திரவத்தில் இருந்ததும் ஃப்ளூ வைரஸ்தான்.

ஆனால் ஃபெரெட்டில் இந்த வைரஸை வளர்ப்பது பெரும் பாடு, செலவும் அதிகம். மெல்போர்னில் மக்ஃபார்லேன் பர்னெட் கோழிமுட்டையை எடுத்தார். அந்தக் கதை அடுத்த வாரம்.