எழுபத்தைந்து ஆண்டுகள் காத்திருந்த பொருள்

பெற்றோரின் இயல்புகளைப் பிள்ளைகளுக்குக் கடத்தும் பொருள் எது என்னும் வினாவிற்கு விடை தெளிவாவதற்கு நெடுங்காலம் முன்னரே, அப்பொருள் ஆய்வுகூடத்துக் குப்பியினுள் வந்து சேர்ந்துவிட்டது. 1869ஆம் ஆண்டிலே, செருமனியின் தூபிங்கன் நகரக் கோட்டையிற் சமையலறையாயிருந்த ஓரிடத்தில், பிரீதிரிக் மீசர் என்னும் சுவிற்சர்லாந்து இளைஞர், சத்திரவைத்தியசாலையினின்றும் சீழ்தோய்ந்த கட்டுத்துணிகளைப் பெற்று, அவற்றிற் படிந்த வெண்குருதிக் கலங்களைக் கழுவியெடுத்து ஆராய்ந்தார். பிறர் முகஞ்சுளித்து எறிவதை அவர் செல்வமாகக் கொண்டார். அக்கலங்களின் கருவிலிருந்து கிடைத்த பொருள் பொசுபரசு மிக்கது, புரதமன்று. அதற்கு 'நியூக்கிளீன்' எனப் பெயரிட்டார். அவருடைய ஆசிரியர் ஒப்பே-சைலர், அவ்வாய்வைத் தாமே மீளச் செய்து பார்த்த பின்னரே 1871இல் அச்சேறவிட்டார். மாணவனை ஐயுற்றாரென அவரைக் குறைகூறுவாருளர். ஆசிரியர் கடமை அதுவே என்பது எம் கருத்து.

இன்று டீ.என்.ஏ. என வழங்கும் இவ்வமிலத்தைப் பின்வந்தோர் பெரிதும் மதித்திலர். அதிலுள்ள மூலங்கள் நான்கே. அவை ஒரே ஒழுங்கில் மீளமீள வருவன என்று இலெவீன் கருதினார். நான்கு சொற்களையே மாறாது ஒப்புவிப்பவன் காவியம் பாடுவானோ? ஆகவே, இருபதுவகை அமினோவமிலங்களாலாகிய புரதமே மரபைத் தாங்கும் என்று அறிஞர் பலர் நம்பினர்.

1928இல் இலண்டனில் கிறிபித், வெப்பத்தாற் கொல்லப்பட்ட உறையுடைய நியூமோனியாப் பற்றீரியாக்களை, தீங்கற்ற உயிருள்ள பற்றீரியாக்களுடன் கலந்து எலிகளுக்கு ஏற்றினார். எலிகள் இறந்தன, அவற்றின் குருதியில் உயிருள்ள உறையுடைய பற்றீரியாக்கள் காணப்பட்டன! இறந்தவை உயிருள்ளவற்றிற்கு வழங்கியது யாது? நியூயோக்கில் ஏவரி, மக்கிளவுட், மக்காட்டி ஆகியோர் அதனைப் பிரித்தெடுத்தனர். புரதத்தை அழிக்கும் நொதியங்கள் அதன் ஆற்றலைக் குறைக்கவில்லை, டீ.என்.ஏ.யைச் சிதைக்கும் நொதியமோ அதனை முற்றாக ஒழித்தது. 1944இல் வெளியான இம்முடிவையும் பலர் உடனே ஏற்றாரல்லர். புரதத்தின் எச்சம் ஒட்டியிருக்கலாமென்றனர்.

அப்பால் நிகழ்ந்தவை விரைந்தன. அடெனின் தைமினுக்கும் குவானின் சைற்றோசினுக்கும் அளவில் ஏறத்தாழச் சமமென்பதைச் சார்காவ் கண்டார். அவருடைய ஆய்வுகளால் இலெவீன் கொள்கை வீழ்ந்தது. உறொசலின்ட் பிராங்கிளினின் எக்சுக்கதிர்ப் படங்கள் சுருள் வடிவைக் காட்டின. அவருடைய அளவீடுகள் அவர் அறியாமலே உவாற்சனுக்கும் கிறிக்குக்கும் எட்டின. 1953இல் அவ்விருவரும் இரட்டைச் சுருளமைப்பை வெளியிட்டனர். இழைகள் இரண்டும் பிரியுங்கால் ஒவ்வொன்றும் தனக்கிணையானதை வார்க்கும் அச்சாகின்றது. மூலங்களின் வரிசையே செய்தியாகின்றது. நான்கெழுத்தாலும் காவியம் எழுதலாமெனத் தெளிவாயிற்று.

1962இல் உவாற்சன், கிறிக், உவில்கின்சு ஆகிய மூவர் நோபெற் பரிசு பெற்றனர். ஏவரி 1955இலும், பிராங்கிளின் 1958இல் தம் முப்பத்தேழாவது வயதிலும் காலமாகியிருந்தனர்.