வளைவில் திரும்பும் விளக்கு

இரவில் ஓடும் மோட்டார் வண்டிக்கு முகப்பு விளக்கு எதற்காக என்று கேட்டால், வழியைக் காண்பதற்காக என்று எவரும் சொல்லிவிடுவர். அது பாதி விடையே. எதிரே வருகிறவர் கண்ணைக் கெடுக்காமல் வழியைக் காண்பதற்காக என்பதே முழு விடை. இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று பகை. ஒளியைக் கூட்டினால் வழி தெளியும். எதிரே வருகிறவர் குருடாவார். ஒளியைத் தாழ்த்தினால் அவர் பிழைப்பார். நமக்கு வழி மறையும். மோட்டார் விளக்கின் நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு முழுவதும் இந்தப் பகையைத் தீர்க்க நடந்த முயற்சிதான்.

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிச் செல்லும் சாலைகளை எண்ணிப் பாருங்கள். 2022-ஆம் ஆண்டில் ராம்சர் உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ஏற்கப்பட்ட இடம் அது. மார்கழி விடியலில் நீர்ப்பரப்பின்மேல் பனி படியும்போது, உயர் ஒளியைப் போட்டுக்கொண்டு வரும் கார் தனக்கே தீங்கு செய்துகொள்கிறது. பனியின் நுண்துளிகள் ஒளியைச் சிதறடித்து ஓட்டுபவர் கண்ணுக்கே திருப்பி அனுப்புகின்றன. முன்னே தெரிவது சாலையன்று, வெள்ளைச் சுவர். எதிரே இரு சக்கர வண்டியில் வருபவரின் நிலையைச் சொல்லவே வேண்டாம். கூசிய கண் மீண்டும் இருளுக்குப் பழகச் சில வினாடிகள் வேண்டும்; வயது ஏற ஏற இன்னும் கூடுதலாக வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டியோ ஒரு வினாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடுகிறது.

தொடக்கத்தில் இந்தத் தொல்லை இல்லை. நம் நாட்டு மாட்டு வண்டியின் அடியில் தொங்கிய அரிக்கேன் விளக்கு எவர் கண்ணையும் கூசச் செய்ததில்லை. அது வழியைக் காட்டியதைவிட, வண்டி வருகிறது என்று அறிவித்ததே மிகுதி. முதல் மோட்டார் கார்களில் எண்ணெய் விளக்கும் கார்பைடு விளக்கும் இருந்தன. கார்பைடு கட்டியின்மேல் நீர் சொட்டினால் அசிட்டிலின் வாயு பிறக்கும். அதைக் கொளுத்தி ஒளி பெற்றனர். 1912-இல் அமெரிக்கக் காடிலாக் நிறுவனம் மின்சாரத்தால் வண்டியைக் கிளப்பவும் விளக்கை எரிக்கவும் ஏற்பாடு செய்தபின் ஒளி பெருகியது. கண் கூசும் தொல்லையும் உடன் பெருகியது. ஒரே குமிழில் இரண்டு மின்னிழைகளை வைத்து, ஒன்றை நெடுந்தொலைவுக்கும் மற்றொன்றைத் தாழ்வான ஒளிக்கும் பயன்படுத்தும் முறை 1924-இல் வந்தது. நம் லாரி ஓட்டுநர்கள் ‘டிம்-டிப்’ அடிப்பது என்று சொல்வது இதனையே.

இது எதிரே வருபவரைக் காக்கும் வழி. ஆனால் வளைவு என்று ஒன்று உண்டே! கார் வளைவில் திரும்பும்போது விளக்கு காரின் மூக்கு நோக்கும் திசையிலேயே நேராகப் பாய்கிறது. சாலையோ விலகிப் போகிறது. மாணவர்கள் இதனைத் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். 100 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவில் 30 மீட்டர் முன்னே நோக்கினால், சாலை நேர்கோட்டிலிருந்து ஏறக்குறைய 4.5 மீட்டர் விலகியிருக்கும். ஒரு வழித்தடத்தின் அகலமே 3.5 மீட்டர்தான். ஆகவே விளக்கு காட்டுவது சாலையை அன்று. ஓரத்துப் புதரை அல்லது சதுப்பு நீரை. ஓட்டுபவர் போகப்போகும் இடம் இருளில் கிடக்கிறது. அவ்விடத்தை அவர் இரண்டு வினாடிக்குள் அடைந்துவிடுவார். விளக்கை எட்டு அல்லது ஒன்பது பாகை திருப்பினாலோ அந்த இடம் ஒளி பெறும்.

இதனைக் காரிலேயே செய்து காட்டியவர்களுள் பிரஸ்டன் டக்கர் என்னும் அமெரிக்கரைக் குறிப்பிட வேண்டும். அவர் 1948-இல் வெளியிட்ட காரின் நெற்றியில் மூன்றாவது கண்போல நடுவிளக்கு ஒன்று இருந்தது. சுக்கானைப் பத்துப் பாகைக்குமேல் திருப்பினால் அது எரிந்து, வளைவு செல்லும் பக்கம் திரும்பும். சிவபெருமானின் நெற்றிக்கண் எரிப்பதற்கு, இது காப்பதற்கு. ஆயினும் அந்நிறுவனம் ஐம்பத்தொரு கார்களுடன் வீழ்ந்தது. அமெரிக்க மாநிலங்கள் சிலவற்றில் மூன்று முகப்பு விளக்குகளுக்குச் சட்டம் இடந்தரவில்லை என்பதால், அந்தக் கண்ணை மூட ஒரு மூடியும் செய்யவேண்டியிருந்தது.

பிரான்சின் சித்ரோயன் நிறுவனம் இதனை நிலைபெறச் செய்தது. 1955-இல் அது வெளியிட்ட டி.எஸ். என்னும் கார் எண்ணெயும் வாயுவும் தாங்கும் தொங்கமைப்பால் புகழ் பெற்றது. 1967-இல் அதன் முகப்பை மாற்றி, பக்கத்துக்கு இரண்டாக நான்கு விளக்குகளைக் கண்ணாடிக்குள் அமைத்தனர். உள்விளக்குகள் சுக்கானோடு இணைக்கப்பட்டு, அது திரும்பும் பக்கம் 80 பாகை வரை திரும்பின. கொண்டை ஊசி வளைவுகளில் இதன் அருமை தெரியும். வெளிவிளக்குகள் வண்டியின் ஏற்றத் தாழ்வுக்கேற்பத் தம்மைச் சரிசெய்துகொண்டன. பின்னால் சுமை ஏற்றினால் முன்பக்கம் நிமிர்கிறது அல்லவா? ஒளிக்கற்றை ஒரு பாகை உயர்ந்தாலே 50 மீட்டர் தொலைவில் ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் மேலெழும். தரையில் விழவேண்டிய ஒளி எதிரே வருபவர் கண்ணில் விழும். கணிப்பொறி ஏதுமின்றி இயந்திர இணைப்புகளாலேயே இவற்றைச் சாதித்தனர் என்பது எனக்குப் பெரிய வியப்பு. அமெரிக்காவிலோ 1940 முதல் வழக்கிலிருந்த மூடிய விளக்கு விதிகள் இந்த அமைப்புக்கு இடந்தரவில்லை. அங்கு விற்ற டி.எஸ். கார்களில் திரும்பாத சாதாரண விளக்குகளே இருந்தன. பாதுகாப்புக்காக எழுதிய விதி, மேலான பாதுகாப்பைத் தடுத்த கதை இது.

இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த எண்ணம் மின்னணு உருவில் மீண்டது. சுக்கான் எவ்வளவு திரும்பியது, வண்டி என்ன வேகத்தில் போகிறது, உடல் எவ்வளவு சுழல்கிறது என்று உணர்விகள் அளந்து சொல்லும். சிறு கணிப்பொறி கணக்கிட, சிறு மோட்டார் விளக்கைத் திருப்பும். 2003-இல் வந்த பி.எம்.டபிள்யூ. ஐந்தாம் வரிசைக் கார்களில் இத்தகைய விளக்கு கிடைத்தது. தாம்பரம் கடந்து ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே சென்றால், சிங்கப்பெருமாள் கோவில் அருகே மகேந்திரா வேர்ல்டு சிட்டியில் அந்நிறுவனத்தின் தொழிற்சாலை இருக்கிறது. 2007 மார்ச்சில் திறந்த அங்கே மூன்றாம், ஐந்தாம் வரிசைக் கார்களைப் பூட்டத் தொடங்கினர். உலகச் சந்தையின் புதுமை நம் செங்கற்பட்டுச் சீமைக்கு வந்து சேர அதிக காலம் ஆகவில்லை.

அடுத்த அடி 2013-இல் ஆடி ஏ8 காரில் வைக்கப்பட்டது. ஒவ்வொரு விளக்கின் உயர் ஒளியும் 25 சிறு எல்.இ.டி.களாகப் பிரிந்திருந்தது. கண்ணாடிக்குப் பின்னிருக்கும் கேமரா எதிர்வண்டியைக் கண்டதும் அதன்மேல் விழும் துண்டுகளை மட்டும் அணைத்துவிடும், மற்றவை எரிந்துகொண்டேயிருக்கும். உயர் ஒளி, தாழ் ஒளி என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் ஒழிந்தது. அமெரிக்கா இதற்கு இடங்கொடுத்தது 2022 பிப்ரவரியில்தான்.

நம் நாட்டில் 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், எட்டு மீட்டர் தொலைவில் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூசச் செய்யாதபடி ஒளி தாழ்ந்திருக்க வேண்டும் என்கின்றன. விளக்கின் நடுவே கறுப்புப் பொட்டு ஒட்டும் வழக்கம் எளியவர் கண்ட தீர்வு. கண் கூச்சம் சற்றுக் குறைந்தாலும் ஒளியும் வீணாயிற்று.

விலையுயர்ந்த கார்களின் கேமராவுக்கும் ஓர் எல்லை உண்டு. அது எதிரே இருப்பவரைப் பெரும்பாலும் அவரது விளக்கைக் கொண்டே அடையாளம் காண்கிறது. வேளச்சேரி–தாம்பரம் சாலையோரத்தில் விளக்கின்றி நடந்து வருபவரையும், பின்விளக்கற்ற மிதிவண்டியையும், சாலையில் படுத்திருக்கும் மாட்டையும் அது வண்டியாக எண்ணாது; முழு ஒளியும் அவர்கள்மேல் விழும். ஓட்டுபவருக்கு அதில் நன்மை உண்டு. அவர்களை முன்கூட்டியே கண்டுகொள்கிறார். நடந்து வருபவரோ கையால் கண்ணை மறைத்துக்கொள்கிறார். அத்தகைய கார்களிலும் சுக்கானுக்கு அருகே, ஒளியைக் கையால் தாழ்த்தும் விசை இன்னும் இருக்கிறது.