பஞ்சக் கூலியும் கைப்பேசிக் கணக்கும்

1877 ஜனவரி. தாது வருடப் பஞ்சத்தில் சென்னை மாகாணம் செத்துக்கொண்டிருந்தது. நிவாரணச் செலவைக் கட்டுப்படுத்த இந்திய அரசு அனுப்பிய சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரணப் பணியில் மண் வெட்டிச் சுமக்கும் ஆணின் கூலியை நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் என்ற அடிப்படையில் குறைத்தார். அந்த அளவு உழைக்கும் உடலைத் தாங்காது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் வில்லியம் கார்னிஷ் கடுமையாக எதிர்த்தார். சில மாதங்களில் கூலி உயர்த்தப்பட்டது. அதற்குள் போன உயிர்கள் போனவைதாம்.

அன்றைய கோப்புகளில் 'கலோரி' என்ற சொல் கிடையாது. இன்றைய அட்டவணையைக் கொண்டு நாம் கணக்கிடலாம். ஒரு பவுண்டு என்பது ஏறத்தாழ 450 கிராம். நூறு கிராம் அரிசிக்கு 350 கலோரி என்றால், டெம்பிளின் அளவு சுமார் 1,600 கலோரி.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த இரவில் எனக்கு வேறோர் எண் நினைவுக்கு வந்தது. ஆய்வேடு எழுதிய ஆண்டுகளில் உடல் பெருத்து, இரத்தச் சர்க்கரை எல்லைக்கோட்டைத் தொட்டுவிட்டது. மருத்துவர் எச்சரித்தார். கைப்பேசிச் செயலி ஒன்றில் நாளொன்றுக்கு 1,200 கலோரி என்று நானே இலக்கு வைத்தேன். மூன்று முறை தொடங்கினேன். மூன்று முறையும் இரண்டு வாரம் தாண்டவில்லை. மன உறுதி இல்லாதவன் என்று என்னையே இகழ்ந்துகொண்டேன். நான் மண் சுமப்பவன் அல்லன், நாற்காலியில் அமர்ந்திருப்பவன். எனவே இரண்டு எண்களையும் நேராக ஒப்பிட முடியாது. ஆயினும் பஞ்ச அதிகாரி ஒருவர் விதித்த அளவினும் குறைவாக எனக்கு நானே விதித்துக்கொண்டேன் என்பது உறைத்தது. அந்த 1,200 எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கினேன்.

உணவைக் கலோரியால் அளக்கும் முறையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் பரவலாக்கியவர் வில்பர் அட்வாட்டர். மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் கிராமுக்கு நான்கு, கொழுப்புக்கு ஒன்பது என்ற அவருடைய கணக்கே இன்றும் உணவுப் பொட்டலங்களின் பின்புறத்தில் அச்சாகிறது. 1918இல் லாஸ் ஏஞ்சல்ஸ் மருத்துவர் லூலு ஹன்ட் பீட்டர்ஸ் அதை எடை குறைப்புக் கருவியாக்கி ஒரு நூல் எழுதினார். அது இலட்சக்கணக்கில் விற்றது. 1,200 என்ற எண் பொதுமக்களிடம் புழங்கத் தொடங்கியதில் அந்நூலுக்குப் பெரும்பங்கு உண்டு. எடை குறைந்த பிறகும் கணக்கு தொடர வேண்டும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. வாசகர்கள் எண்ணை எடுத்துக்கொண்டார்கள், எச்சரிக்கையை விட்டுவிட்டார்கள்.

அதே 1918இல், குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் ராபர்ட் மெக்கரிசன் பெரிபெரி நோய் குறித்த ஆய்வைத் தொடங்கினார். அந்த அறையே வளர்ந்து ஊட்டச்சத்து ஆய்வுக்கூடம் ஆயிற்று. அவருக்குப் பின் பொறுப்பேற்ற வாலஸ் அய்க்ராய்டு 1937இல் இந்திய உணவுகளின் சத்து அட்டவணையை வெளியிட்டார். நிறைவான உணவைத் திட்டமிடுவது எப்படி என்பதும் அவ்வெளியீட்டின் தலைப்பிலேயே இருந்தது. 1958இல் ஆய்வுக்கூடம் ஐதராபாத்துக்கு இடம் பெயர்ந்தது; இன்று அதன் பெயர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். 2017இல் அது வெளியிட்ட அட்டவணையில் 528 உணவுகள் உள்ளன.

ஆக, அங்கே மிகுதியைக் குறைக்கப் பிறந்த கணக்கு. இங்கே குறையைக் கண்டறியப் பிறந்த கணக்கு. இரண்டும் இன்று ஒரே கைப்பேசித் திரையில் சந்திக்கின்றன. நாமோ முதலாவதை மட்டுமே கற்றுக்கொண்டோம். எவ்வளவு குறைத்தோம் என்று கேட்கிறோம். எது குறைந்துவிட்டது என்று கேட்பதில்லை.

அந்தக் கேள்வியைக் கேளாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. 1944 நவம்பரில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் ஒரு சோதனையைத் தொடங்கினார். போரில் ஆயுதமேந்த மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தனர். ஆறு மாதம் அவர்களுக்குக் கிடைத்தது நாளொன்றுக்குச் சுமார் 1,600 கலோரி. ஏறக்குறைய டெம்பிளின் அளவு. எடையில் கால்பங்கு கரைந்தது. உணவைத் தவிர வேறு நினைவற்றுப் போயினர். சிலர் சமையல் நூல்களைச் சேகரித்தனர். தடை நீங்கியதும் பலர் அடங்காமல் உண்டனர். இவர்கள் மன உறுதி குறைந்தவர்கள் அல்லர். கொள்கைக்காக உடலைப் பணயம் வைத்தவர்கள். அவர்களாலேயே தாங்க முடியாத பசியை, நாம் புத்தாண்டுத் தீர்மானமாக எடுத்துக்கொண்டு, தோற்றதும் நம்மையே பழிக்கிறோம்.

வரலாறு கற்பிக்கும் இன்னொன்றும் உண்டு. அட்டவணையில் உள்ளவை அனைத்தும் சராசரிகள். அட்டவணையின் பருப்பு என் விடுதிச் சாம்பாரில் மிதக்கும் பருப்பு அன்று. எனவே துல்லியத்தை எதிர்பார்ப்பவர் முதல் கல்யாணப் பந்தியிலேயே கணக்கை மூடிவிடுவார். ஒரே கரண்டியால், ஒரே முறையில், தினமும் தோராயமாக அளப்பவருக்கோ பிழையும் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கும். ஏறுகிறதா இறங்குகிறதா என்பது தெரிந்துவிடும். அமெரிக்காவில் 1994இல் தொடங்கப்பட்ட ஒரு பதிவேடு, குறைத்த எடையை நெடுங்காலம் காத்தவர்களைப் பின்தொடர்ந்து வருகிறது. தம் எடையை அடிக்கடி பார்ப்பது அவர்களுள் பலருக்குப் பொதுவான வழக்கம்.

நான்காம் முறை மருத்துவரைக் கேட்டு 1,800 என்று வைத்தேன். பந்தி நாளன்று ஒரு வட்ட எண்ணை எழுதிவிட்டு மறுநாள் தொடர்ந்தேன். எழுத மறந்த நாளை வெற்றாக விட்டேன். அதற்காக மறுநாள் பட்டினி கிடக்கவில்லை. ஒன்பது மாதத்தில் ஆறு கிலோ குறைந்திருக்கிறது. செயலிகளின் விளம்பரங்களில் இடம்பெறத் தகுந்த எண் அன்று. ஆனால் கணக்கு இன்னும் நடக்கிறது.

எல்லோருக்கும் இது பொருந்தாது. எண்களே நோயாகிவிடும் மனங்கள் உண்டு. அவர்கள் இதைத் தொடாதிருப்பதே நலம். எழுதத் துணிபவர்களுக்கு ஒன்றே சொல்வேன்: இலக்கை எழுதும்போது உங்களுக்குள் இருக்கும் டெம்பிளிடம் பேனாவைக் கொடுக்காதீர்கள். கார்னிஷிடம் கொடுங்கள்.