விண்வெளியிற் படைக்கலம் விலக்கும் முயற்சியும் இலங்கையும்

1962ஆம் ஆண்டு யூலை மாதம் 9ஆம் நாள், பசிபிக் சமுத்திரத்தின் நடுவேயிருந்து ஐக்கிய அமெரிக்கா ஏவிய ஓர் அணுக்குண்டு நிலத்தினின்று ஏறத்தாழ 400 கிலோமீற்றர் உயரத்தில் வெடித்தது. ஆயிரம் கிலோமீற்றருக்கும் அப்பாலிருந்த ஹவாய்த் தீவிலே வீதி விளக்குகள் சில அணைந்தன. இரவு வானம் நிறம் மாறி ஒளிர்ந்தது. வெடிப்பினின்று பிறந்த இலத்திரன்கள் பூமியின் காந்தப் புலத்திற் சிக்குண்டு அங்கேயே தங்கிச் செய்மதிகள் சிலவற்றைப் பழுதாக்கின. அவற்றுள் ஒன்று, அமெரிக்காவின் நட்பு நாடாகிய பிரித்தானியாவின் முதலாவது செய்மதியான ஏரியல். நண்பனையும் பகைவனையும் பிரித்தறியாத படைக்கலம் இது என்பதை வல்லரசுகள் அன்றே கண்டுகொண்டன.

மறுவருடம் ஓகஸ்ட் மாதம் 5ஆம் நாள் மொஸ்கோ நகரிற் கைச்சாத்தான உடன்படிக்கை, வளிமண்டலத்திலும் விண்வெளியிலும் நீரின் அடியிலும் அணுக்குண்டுகளை வெடித்துச் சோதித்தலைத் தடுத்தது. அதன் வழிவந்ததே 1967 சனவரி 27இல் கைச்சாத்துக்குத் திறக்கப்பட்ட விண்வெளி உடன்படிக்கை. விண்வெளியை எந்நாடும் தன் உடைமையென உரிமை கொண்டாடலாகாது என்பது அதன் அடிப்படை. அணுப்படைக்கலத்தையும் பேரழிவு விளைக்கும் பிற படைக்கலங்களையும் பூமியைச் சுற்றும் பாதையில் நிறுத்தலாகாது என்றும், சந்திரனும் பிற வான்பொருள்களும் அமைதிப் பணிக்கே உரியன என்றும் அதன் நான்காம் உறுப்புரை விதித்தது. ஆயினும் பேரழிவுப் படைக்கலம் என்னும் வகையுள் அடங்காத பிற படைக்கலங்களைப் பற்றி அவ்வுறுப்புரை வாய் திறக்கவில்லை. செய்மதியை மோதியுடைக்கும் ஏவுகணை, ஒளிக்கற்றையாற் குருடாக்கும் கருவி என்பன அந்த மௌனத்தினூடே நுழைவன. பின்வந்த அறுபது ஆண்டு வழக்கெல்லாம் இம்மௌனத்தைப் பற்றியதே.

இலங்கை இவ்வுடன்படிக்கையில் 1967இலேயே கைச்சாத்திட்டது, உறுதிப்படுத்தியதோ 1986இலே. பிறருக்குச் சட்டத்தின் அருமையை எடுத்துரைக்க முன்வந்த நாடு தன் கடன் தீர்க்கப் பத்தொன்பது ஆண்டு எடுத்தமை மறைத்தற்குரியதன்று. எனினும், சொந்தமாக ஒரு செய்மதியும் இல்லாத சிறு தீவு விண்வெளியைப் பற்றி ஏன் பேச வந்தது? விடை வானத்தில் இல்லை, கடலில் இருக்கின்றது.

இந்து சமுத்திரத்தினின்று பிரித்தானியக் கடற்படை விலகத் தொடங்கியபோது, அவ்விடத்தை நிரப்ப இரு வல்லரசுகளின் கலங்களும் வந்தன. தியேகோ கார்சியாத் தீவு அமெரிக்கப் படைத்தளமாயிற்று. எவருக்கும் உரித்தல்லாத பரப்பு வலியவனுக்கே உரித்தாகிவிடும் என்பதை இலங்கை தன் கரையிலிருந்தே கண்டது. 1971ஆம் ஆண்டு பிரதம மந்திரி சிறிமாவோ பண்டாரநாயக்கா ஐக்கிய நாடுகள் பொதுச் சபையில் முன்வைத்த கோரிக்கையின் பயனாக, அவ்வாண்டு திசம்பர் 16இல் இந்து சமுத்திரம் அமைதி வலயமெனப் பிரகடனஞ் செய்யப்பட்டது. ஆதரித்தன 61 நாடுகள், எதிர்த்தது ஒன்றுமில்லை, வாக்களியாது ஒதுங்கியவை 55. வல்லரசுகள் ஒதுங்கியோர் வரிசையிலே நின்றமையின் பிரகடனம் ஏட்டளவில் நின்றது. ஆனால் அதன் வாசகத்தில் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு: நீர்ப்பரப்பு மட்டுமன்றி, அதன்மேலுள்ள வான்பரப்பும் கீழுள்ள கடற்றரையும் அவ்வலயத்துள் அடக்கப்பட்டன. அக்காலத்திலேயே கடற்சட்ட மாநாட்டுக்கு இலங்கையரான சேர்லி அமரசிங்க தலைமை தாங்கினார். கடற்றரைக்குக் கோரிய நீதியை வானுக்கும் கோருதல் அடுத்த படியே.

1976இற் கொழும்பிற் கூடிய அணிசேரா நாடுகளின் உச்சி மாநாடு, படைக்கலக் குறைப்புக்கெனப் பொதுச் சபையின் சிறப்புக் கூட்டமொன்றைக் கோரியது. 1978இற் கூடிய அச்சிறப்புக் கூட்டத்தின் இறுதி ஆவணம், விண்வெளியிற் படைக்கலப் போட்டியைத் தடுக்க மேலும் பேச்சுவார்த்தை வேண்டும் என்றது. 1956 முதல் இலங்கையைத் தன் இல்லமாகக் கொண்டிருந்த ஆதர் சி. கிளாக் 1982இல் ஜெனீவாவிலே படைக்கலக் குறைப்புக் குழுவின் முன் உரையாற்றி, விண்வெளியைப் போர்க்களமாக்குதலின் பேதைமையை எடுத்துக்காட்டினார். அடுத்த ஆண்டு மார்ச் 23இல் அமெரிக்கச் சனாதிபதி ரேகன், ஏவுகணைகளை இடைமறித்தழிக்கும் தம் பாதுகாப்புத் திட்டத்தை அறிவித்தார். அதன்பின் இது அறிஞர் ஆராய்ச்சிப் பொருள் என்னும் நிலையினின்று நீங்கி அரசியல் நெருக்கடியாயிற்று.

1985இல் ஜெனீவா மாநாடு இதனை ஆராயத் தனிக்குழு ஒன்றை அமைத்தது. அப்போது அங்கே இலங்கையின் தூதுவராயிருந்தவர் ஜயந்த தனபால. பிற்காலத்தில் ஐக்கிய நாடுகள் தாபனத்தின் படைக்கலக் குறைப்புத் துறைக்கே தலைவரானவர். விண்வெளியிற் படைக்கலப் போட்டியைத் தடுத்தல் பற்றிய தீர்மானத்தை எகிப்தும் இலங்கையும் மாறிமாறி ஆண்டுதோறும் பொதுச் சபையின்முன் வைக்கும் வழக்கமும் வேரூன்றிற்று. அதன் சாரம் எளியது: இப்போதுள்ள சட்டம் தனித்து நின்று படைக்கலப் போட்டியைத் தடுக்கப் போதாது, சரிபார்க்கத்தக்க புதிய ஏற்பாடு வேண்டும். 1967 உடன்படிக்கையின் மௌனத்தை ஆண்டுதோறும் உலகிற்கு நினைவூட்டுதலே இதன் பணி. பெரும்பான்மை நாடுகள் ஆதரித்தன. பல ஆண்டுகள் ஒதுங்கி நின்ற ஐக்கிய அமெரிக்கா 2005இல் எதிர்த்தே வாக்களித்தது. ஜெனீவாவில் எல்லாரும் இசைந்தாலன்றி எதுவும் நடவாதாகலின், தனிக்குழு 1994இற்குப் பின் மீள அமைக்கப்படவில்லை.

இதே ஆண்டுகளில் யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்கள் தம் வளவுகளிற் பதுங்குகுழி வெட்டி, வானினின்று விழும் குண்டுக்கு அஞ்சி வாழ்ந்தனர். விண்ணின் அமைதிக்கு அயல்நாட்டில் வாதிட்ட அரசின் விமானங்களே அவ்வச்சத்துக்குக் காரணம். இம்முரணைச் சொல்லாது விடுதல் நேர்மையன்று. ஆயினும் தீர்மானத்தின் நியாயம் அதனை முன்வைத்தோரின் ஒழுக்கத்தாற் குன்றுவதுமில்லை. கோப்பாய்ச் செம்மண்ணிலே வெங்காயமும் புகையிலையும் பயிரிடுவோன் புயலின் வருகையை முன்கூட்டி அறிவது செய்மதி எடுத்தனுப்பும் படங்களால். 2020 திசம்பரில் வந்த புரெவிப் புயலும் அவ்வாறே முன்னறியப்பட்டது. செய்மதியைக் குறிவைக்கும் ஏவுகணை அவனது வரப்பையும் குறிவைக்கின்றது.

குறிவைத்தல் வெறுங் கற்பனையன்று. 2007 சனவரி 11இற் சீனா தன் பழைய வானிலைச் செய்மதியொன்றை ஏறத்தாழ 860 கிலோமீற்றர் உயரத்தில் ஏவுகணையால் உடைத்தது. கண்காணிக்கத்தக்க துண்டுகளே மூவாயிரத்துக்கு மேற்பட்டுச் சிதறின. வளி மிக அருகிய அவ்வுயரத்தில் அவை பல பத்தாண்டுகள் சுழன்றுகொண்டிருக்கும். 2021 நவம்பர் 15இல் இரசியா உடைத்த செய்மதியும் ஆயிரத்தைந்நூறு துண்டுகளுக்கு மேலாயிற்று. இவற்றிடையே பாக்கு நீரிணைக்கு அப்பாலுள்ள நாட்டின் செயல் தனியே கருதத்தக்கது. 1963 நவம்பர் 21இற் கேரளத்துத் தும்பாவில் முதற் றொக்கற்றை ஏவியபோது விக்கிரம் சாராபாய் கருதியது விண்ணறிவை மக்கள் வாழ்வுக்குப் பயன்படுத்தலையே. 1968 பெப்ரவரி 2இல் இந்திரா காந்தி அத்தளத்தை ஐக்கிய நாடுகளுக்கு அர்ப்பணித்தார். அதே இந்தியா 2019 மார்ச் 27இல் தன் செய்மதியொன்றைத் தானே உடைத்துக் காட்டியது. 300 கிலோமீற்றருக்கும் குறைந்த உயரமாதலின் துண்டுகளிற் பெரும்பாலன விரைவில் வீழ்ந்தன என்பது உண்மை. ஆயினும் அயலிலுள்ள சிறு நாடு அதனைக் கண்டு ஆறுதலடைதற்கில்லை.

தடைக்கு எதிர்நிற்பது வல்லரசுகளின் மனமின்மை ஒன்றேயன்று. பழுதான செய்மதியைப் பற்றியிழுத்துப் பழுது பார்க்கும் கலமே பகைவனின் செய்மதியையும் பற்றியிழுக்க வல்லது. கருவியைத் தடுப்பதா, செயலைத் தடுப்பதா என்னும் பிணக்கு ஈண்டே எழுகின்றது. கருவியைத் தடுக்கும் வரைவொன்றை 2008இல் இரசியாவும் சீனாவும் முன்வைத்தன. சரிபார்க்கும் வழி அதிலில்லையென அமெரிக்கா மறுத்தது. செயலைத் தடுக்கும் வழியாக, செய்மதிகளை உடைக்கும் சோதனைகளைக் கைவிடுமாறு கோரிய தீர்மானம் 2022 திசம்பரிற் பொதுச் சபையில் 155 நாடுகளின் ஆதரவைப் பெற்றது. இந்தியா ஒதுங்கி நின்றது.

இலங்கையோ, விண்வெளியின் அமைதிப் பயன்பாட்டுக்கான ஐக்கிய நாடுகள் குழுவில் 2015இலேதான் உறுப்புரிமை பெற்றது. இராவணா என்னும் அதன் சிறு செய்மதி, ஏறத்தாழ ஒரு கிலோகிராம் நிறையுடையது, 2019இல் விண்ணேறிற்று. 2024 ஏப்பிரல் 24இற் பாதுகாப்புச் சபையில், அணுப்படைக்கலத்தை விண்ணில் நிறுத்தலாகாது என்னும் பழைய விதியை மீள வலியுறுத்தும் தீர்மானத்தை அமெரிக்காவும் யப்பானும் கொணர்ந்தன. எல்லாப் படைக்கலங்களையும் விலக்குமாறு இரசியாவும் சீனாவும் கொணர்ந்த திருத்தம் போதிய வாக்குப் பெறாது வீழ்ந்தது. மூலத் தீர்மானத்தைப் பதின்மூன்று நாடுகள் ஆதரித்தன, சீனா ஒதுங்கியது, இரசியா தன் தடையுரிமையால் அதனை வீழ்த்தியது.