கண்ணோட்டமும் கொள்ளைநோயும்

பொதுச் சுகாதாரத் துறையில் தலைமைப் பண்பும், பிறர் உள்ளத்தை உணர்ந்து ஒழுகும் திறமும் எவ்வாறு அமைய வேண்டும் என்பதைப் பற்றி இம்மலருக்கு ஒரு கட்டுரை வரைந்து தர வேண்டுமென்று விழாக் குழுவார் பணித்தபோது, வைத்தியத்தில் பட்டமோ நிர்வாகத்தில் பழக்கமோ இல்லாமல், ஆயுட்காலத்தின் பெரும்பகுதியை ஏட்டுச் சுவடிகளுக்கும் உரையாசிரியர்களுக்கும் நடுவே கழித்துவிட்ட என்னை எக்காரணம் பற்றித் தேர்ந்தார்கள் என்று வியந்தேனாயினும், பெரியோர் வாக்கை மறுப்பது மரபன்று ஆதலின் இசைந்தேன். நம்மூர் ஆஸ்பத்திரி எழுந்த வரலாறும், அதற்கு நிலம் ஈந்த தர்மவான்களின் கீர்த்தியும் அனைவரும் அறிந்தவை. அவற்றை எழுத என்னினும் தக்கார் இம்மலரிலேயே இருக்கின்றனர். ஆகவே நான் அறிந்த நூல்களின் வழியே நின்று, நான் பலகாலம் எண்ணிப் பார்த்த ஒரு சரித்திர நிகழ்ச்சியை மட்டும் இங்கே ஆராயத் துணிகிறேன்.

தன் மனநிலையைத் தான் அறிதலும், பிறர் மனநிலையை அறிந்து அதற்கேற்ப நடத்தலும் புத்தி சாமர்த்தியத்தைப் போலவே ஒரு தனி அறிவு என்னும் கொள்கை, 1990இல் சலோவி, மேயர் என்னும் இரண்டு அமெரிக்க மனோதத்துவ அறிஞர்களின் ஆய்வுரையால் பெயர் பெற்று, 1995இல் டேனியல் கோல்மன் எழுதிய நூலால் உலகெங்கும் பரவியது. அவர்களுடைய முயற்சி பாராட்டத்தக்கதே. ஆனால் இப்பொருள் அன்றுதான் பிறந்ததென்று கருதுவோமாயின், திருவள்ளுவரைப் பெற்ற நாட்டில் பிறந்தும் பயனில்லாதவர்கள் ஆவோம்.

வள்ளுவரின் வைப்புமுறை

அரசனுக்குரிய இயல்புகளை அடைவே கூறிவரும் ஆசிரியர், 55ஆம் அதிகாரத்தில் செங்கோன்மையையும் அடுத்ததில் கொடுங்கோன்மையையும் வைத்தபின், 57ஆவதாக வெருவந்த செய்யாமையையும் 58ஆவதாகக் கண்ணோட்டத்தையும் வைத்திருக்கும் ஒழுங்கை ஊன்றி நோக்க வேண்டும். அநீதி செய்யாதிருப்பதோடு அரசன் கடமை முடிந்துவிடுவதில்லை. நீதியையே செய்தாலும் குடிகள் நடுங்கும்படி செய்தல் ஆகாது என்பதற்காகவே வெருவந்த செய்யாமை தனி அதிகாரம் பெற்றது. தண்டிக்கும் கோலை ஓங்கும்போது வேகம் தோன்றலாம். படும்போது மென்மை வேண்டும் என்கிறார். காண்பதற்கு அரியவனாய், கண்டாலும் முகம் கடுத்திருப்பவனாய் உள்ளவன் பெற்ற செல்வத்தைப் பேய் காத்த செல்வம் என்கிறார். இதனை அடுத்து வரும் கண்ணோட்டத்திலோ, வெறும் இரக்கத்தை மட்டும் புகழ்ந்துவிட்டு நில்லாமல், எடுத்த காரியம் கெடாதபடி இரக்கம் காட்ட வல்லவர்க்கே இவ்வுலகம் உரிமையாகும் என்று ஒரு வரம்பும் கட்டுகிறார். காரியமும் கெடக்கூடாது, கண்ணோட்டமும் குன்றக்கூடாது. சுகாதார அதிகாரி ஒருவனுக்கு இதனினும் கடினமான கட்டளையை எவரும் இட்டதில்லை.

இனி, சொல்லாமலே பிறர் கருத்தை முகத்தால் உணரும் ஆற்றலை 71ஆம் அதிகாரமாகிய குறிப்பறிதலில் பேசுகிறார். மருந்து என்னும் அதிகாரமோ 95ஆவது. பரிமேலழகர் வகுப்பின்படி 64 முதல் 95 வரையுள்ள முப்பத்திரண்டு அதிகாரங்களும் அங்கவியல். அஃதாவது அரசின் உறுப்புக்களைச் சொல்லும் பகுதி. அவ்வியல் மருந்தோடு முற்றுப்பெறுகிறது. நோய் தீர்த்தல் தனி மனிதன் வீட்டுக் காரியமாக அறத்துப்பாலில் நில்லாமல், அரசின் அங்கங்களோடு சேர்த்து எண்ணப்பட்டிருப்பதை எண்ணுந்தோறும் என் உள்ளம் பூரிக்கிறது. நோயாளி, வைத்தியன், மருந்து, அருகிருந்து பேணுபவன் என்று வைத்தியத்துக்கு நான்கு பாதங்களை வள்ளுவர் வகுத்திருப்பது சரக சம்ஹிதையின் சூத்திரஸ்தானத்தில் கூறும் நான்கோடு பெரிதும் ஒத்திருக்கின்றது. இரு நூல்களிலும் நோயாளி வெறும் பொருளாகக் கிடப்பவன் அல்லன். சிகிச்சையின் ஓர் உறுப்பாகவே நிற்கிறான். அவன் மனம் ஒத்துழைக்காத இடத்தில் மற்ற மூன்றும் பயன் தருவதில்லை என்பது இதனால் பெறப்படும்.

கௌடிலியர் அர்த்தசாஸ்திரத்தின் நான்காம் அதிகரணத்தில், தேசத்துக்குத் தெய்வத்தால் நேரும் ஆபத்துக்கள் எட்டு என்று எண்ணுமிடத்து, தீ, வெள்ளம் ஆகியவற்றோடு வியாதியையும், வியாதியோடு எலியையும் தனித்தனியே சேர்த்திருக்கிறார். எலிப் பயம் நேர்ந்தால் பூனைகளையும் கீரிகளையும் விட வேண்டும் என்றும், அவற்றைப் பிடிப்பவனுக்கும் கொல்பவனுக்கும் அபராதம் உண்டு என்றும் விதித்துவிட்டு, எல்லா ஆபத்துக்களிலும் துன்புற்ற குடிகளை அரசன் தந்தையைப் போலக் காக்கக் கடவன் என்று முடிக்கிறார். எலியைப் பற்றிய இந்தச் செய்தியைப் பின்னால் வரும் வரலாற்றுக்காக வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

நம் நாட்டுக் கல்வெட்டுக்களில் எனக்கு மிக விருப்பமான ஒன்றையும் இங்கே சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. செங்கற்பட்டுப் பகுதியிலுள்ள திருமுக்கூடல் வேங்கடேசப் பெருமாள் கோயிலில், வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, வீரசோழன் என்னும் பெயருடைய ஆதுலர் சாலையைப் பற்றி விரிவாகப் பேசுகிறது. நோயாளிகள் படுக்கப் பதினைந்து கிடைகள். அவர்களைக் கவனிக்க ஒரு வைத்தியர், சல்லியக்கிரியை செய்பவர் ஒருவர், மூலிகை கொணர்வோர், மருந்திட்டுப் பேணும் பெண்டிர், ஒரு நாவிதன் என இத்தனை பேருக்கும் நெல் அளக்க ஏற்பாடு. தசமூல ஹரீதகி, பல்லாதக ஹரீதகி முதலாக இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் ஜாபிதா. இரவில் எரிய ஒரு விளக்குக்கு எண்ணெயும் எழுதப்பட்டிருக்கின்றது. இருளில் கண்விழித்த நோயாளிக்கு நேரும் அச்சத்தை நினைத்துப் பார்த்த ஒருவன் அந்தத் திட்டத்தை வகுத்தான் என்றே நான் கருதுகிறேன்.

பம்பாயும் பூனாவும்

1896ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில், பம்பாய்த் துறைமுகத்தை அடுத்த மாண்ட்வி என்னும் இடத்தில், தானியக் கிடங்குகள் நெருங்கிய சந்துகளில் எலிகள் செத்து விழுந்தன. அவற்றைத் தொடர்ந்து மனிதரும் கடுஞ்சுரத்தோடு தொடையிடுக்கிலும் அக்குளிலும் கட்டி கண்டு மடிந்தார்கள். அகாசியோ கப்ரியேல் வியேகாஸ் என்னும் கோவாவைச் சேர்ந்த வைத்தியர், அது பிளேக் என்று முதலில் துணிந்து சொன்னார். நகரசபைக் கமிஷனர் அக்டோபர் மாதத்தில் ஓர் ஆணை பிறப்பித்து, நோய் கண்டவர்களை அவர்கள் விருப்பத்தைக் கேளாமலே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அதிகாரம் எடுத்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்புவதில்லை, அங்கே மனித உடலிலிருந்து தைலம் வடிக்கிறார்கள் என்னும் வதந்தி ஆலைத் தொழிலாளர் குடியிருப்புக்களில் தீயெனப் பரவிற்று. அம்மாதம் 29ஆம் தேதி ஏறத்தாழ ஆயிரம் தொழிலாளர் ஆர்தர் ரோடு ஆஸ்பத்திரியைத் தாக்கினார்கள். எட்டு லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் வாழ்ந்த அந்நகரிலிருந்து சில மாதங்களுக்குள் சற்றேறக்குறையப் பாதிப்பேர் ஊரைவிட்டு ஓடினர். ஓடியவர்களோடு நோயும் சென்றது.

1897 பிப்ரவரி 4ஆம் தேதி தொற்றுநோய்ச் சட்டம் இயற்றப்பட்டது. மிகச் சிறிய சட்டம். ஆனால் அது அதிகாரிகளுக்கு அளித்த உரிமைக்கு எல்லை காண்பது அரிது. அச்சட்டத்தைக் கையில் ஏந்திய இருவரின் போக்கை ஒப்பிட்டுப் பார்ப்பதே என் நோக்கம்.

பம்பாயில் பிளேக் கமிட்டிக்குத் தலைமை பூண்டவர் கேட்டேக்கர் என்னும் படைத்தலைவர். சேனையில் கட்டளையிட்டே பழகியவராயினும், ஊர்ப் பெரியவர்களை அழைத்துப் பேசுவதில் அவர் கௌரவக் குறைவு காணவில்லை. வெவ்வேறு ஜாதியாரும் சமயத்தாரும் தங்கள் தங்கள் ஆசாரத்துக்கு ஏற்பத் தனித்தனி ஆஸ்பத்திரிகள் அமைத்துக்கொள்ள இடமளித்தார். சோதனையும் அப்புறப்படுத்தலும் அவர் காலத்திலும் நடந்தனவே. அவரை நான் மகாத்மாவாக்க முயலவில்லை. அவர் நீங்கிய பிறகு, 1898 மார்ச் 9ஆம் தேதி, ஒரு சிறுமியைச் சோதிக்க வந்தவர்களை எதிர்த்து முஸ்லிம் நெசவாளர் கிளர்ந்தெழ, நகரமே கலகத்தில் மூழ்கியது என்பதும் சரித்திரம்.

பூனாவிலோ, சிவில் சர்வீஸைச் சேர்ந்த ராண்ட் என்பவர் பிளேக் கமிட்டித் தலைவரானார். சுறுசுறுப்பிலும் கண்டிப்பிலும் அவரிடம் குறை சொல்வதற்கில்லை. 1897 மார்ச் மாதம் தொடங்கி வெள்ளைப் பட்டாளத்தார் தெருத் தெருவாக வளைத்து வீடுகளுக்குள் புகுந்தனர். பூட்டிய கதவுகள் திறக்கப்பட்டன. ஸ்நானம் செய்யாமல் வீட்டாரே புகாத அடுக்களையிலும் பூஜையறையிலும் பூட்ஸ் கால்கள் பதிந்தன. பாயும் துணியும் தெருவில் குவித்துக் கொளுத்தப்பட்டன. ஆடவரும் பெண்டிரும் கட்டி உண்டா என்று பலர் காண நிறுத்திச் சோதிக்கப்பட்டனர். பிளேக் முகாமில் பெண்கள் நடத்தப்பட்ட விதத்தைக் கண்டித்துப் பண்டித ரமாபாய் பத்திரிகையில் எழுதினார். ராண்ட் தம் அறிக்கையிலோ, பெண்களின் மானத்துக்கு வேண்டுமென்றே பங்கம் விளைத்ததாக நம்பத்தக்க முறையீடு ஒன்றும் வரவில்லை என்று திருப்தியோடு குறித்திருக்கிறார்.

அந்தத் திருப்தியில்தான் அவருடைய தலைமையின் குறை முழுவதும் அடங்கியிருக்கிறது என்பது என் துணிபு. துப்பாக்கியோடு வந்தவனிடம் மகளுக்கும் மருமகளுக்கும் நேர்ந்த அவமானத்தை எந்தக் குடும்பத்தலைவன் விண்ணப்பமாக எழுதிக் கொடுப்பான்? முறையீடு வராமையைத் துன்பம் இல்லாமைக்குச் சான்றாகக் கொள்பவன் குறிப்பறிதலை அறியாதவன். ஜனங்கள் முறையிடாமல் வேறொன்று செய்தார்கள்: நோயாளிகளை மறைத்தார்கள். மறைக்கப்பட்ட நோயாளியால் கணக்குப் பொய்த்தது, சிகிச்சையும் பொய்த்தது. வெருவந்த செய்ததன் பயன் இதுவே.

இதற்குள் பூனாவில் வேறு வகைத் தலைமையும் தோன்றியது. திலகர் அந்நகரில் ஹிந்துக்களுக்கென ஒரு பிளேக் ஆஸ்பத்திரியை நிறுவினார். முதியவராகிய சாவித்திரிபாய் புலே, வைத்தியராகிய தம் வளர்ப்பு மகனோடு சேர்ந்து நோயாளிகளைப் பேணினார். தீண்டத்தகாதவர் என்று ஊரார் ஒதுக்கிய சேரியில் நோயுற்றுக் கிடந்த ஒரு சிறுவனைத் தாமே சுமந்து கொணர்ந்து, அத்தொற்றாலேயே 1897 மார்ச் 10ஆம் தேதி உயிர் துறந்தார். அவர் கையில் சட்டமும் இல்லை, பட்டாளமும் இல்லை.

ஜூன் 22ஆம் தேதி இரவு, மகாராணியின் வைரவிழா விருந்து முடிந்து கணேஷ்கிண்ட் மாளிகையினின்று திரும்பிய ராண்ட் சுடப்பட்டார். பின்னால் வேறு வண்டியில் வந்த அயர்ஸ்ட் என்னும் அதிகாரி அங்கேயே மாண்டார். ராண்ட் ஜூலை 3ஆம் தேதி இறந்தார். சுட்டவர்களாகிய சாபேகர் சகோதரர்கள் தூக்குமேடை ஏறினார்கள். திலகர் ராஜத்துரோகக் குற்றத்துக்காகப் பதினெட்டு மாதச் சிறைத்தண்டனை பெற்றார். கொலையை நான் எக்காலத்தும் நியாயம் என்று சொல்லேன்.

இத்தனை கொடுமையாலும் பிளேக் நின்றதா என்றால், அது நிற்கக் காரணமே இல்லை. 1898இல் கராச்சியில் ஆய்ந்த சிமோண்ட் என்னும் பிரெஞ்சு வைத்தியர், நோய் எலியின் உடலிலிருந்து தெள்ளுப்பூச்சி வழியாக மனிதனைச் சேர்கிறது என்று கண்டார்; முதலில் ஏளனம் செய்த உலகம் பல வருஷ ஆராய்ச்சிக்குப் பின் ஒப்புக்கொண்டது. பட்டாளத்தார் வீடு வீடாகத் தேடியது மனிதரை. நோய் குடியிருந்ததோ எலி வளையில். கார்வால் மலைக் கிராமத்தார் எலிகள் செத்து விழக் கண்டவுடன் வீட்டைக் காலி செய்துகொண்டு வெளியே தங்கும் வழக்கத்தை நெடுங்காலமாகக் கைக்கொண்டிருந்தனர் என்பது சர்க்கார் ரிக்கார்டுகளிலேயே பதிவான செய்தி. ஜனங்களின் வாய்ச்சொல்லுக்குச் செவிகொடுத்திருந்தால் சாஸ்திரத்துக்கும் லாபம் உண்டாகியிருக்கும்.

ஊசியைத் தன்மேல் ஏற்றவர்

ஒடெஸ்ஸா நகரில் 1860இல் யூத குலத்தில் பிறந்து, பாரிஸில் பாஸ்தர் கழகத்தில் பயின்ற வால்டெமார் ஹாஃப்கின், காலராவுக்குத் தாம் கண்ட தடுப்பு மருந்தோடு 1893இல் கல்கத்தாவை அடைந்தார். மறுவருஷம் அந்நகரின் குடிசைப் பகுதி ஒன்றில் ஜனங்கள் சந்தேகம் கொண்டு கல்லெறிந்தபோது, அவரும் உடன் வந்த வைத்தியர்களும் அனைவரும் காண ஒருவருக்கொருவர் ஊசி போட்டுக்கொண்டதாகவும், அதன்பின் அந்தக் கூட்டத்திலேயே பலர் தாமாக முன்வந்ததாகவும் அவர் வரலாறு எழுதினோர் கூறுவர். போலீஸை அழைத்திருக்கலாம், அவர் அழைக்கவில்லை.

பம்பாயில் பிளேக் கண்டதும் அங்கே வரவழைக்கப்பட்ட அவர், கிராண்ட் வைத்தியக் கல்லூரியில் ஓர் அறையில், மிகச் சில உதவியாளரோடு மூன்று மாதம் உழைத்து மருந்தைச் சித்தம் செய்து, 1897 ஜனவரி 10ஆம் தேதி முதல் ஊசியைத் தம் உடம்பிலேயே ஏற்றுக்கொண்டு சுரத்தையும் வலியையும் அனுபவித்தார். பிறகே பைகுல்லா சிறையில் இசைந்து வந்த கைதிகளுக்கு அது அளிக்கப்பட்டது. அப்போது இருபது வயதை எட்டாதிருந்த மூன்றாம் ஆகா கான், தம்மைப் பின்பற்றும் கோஜா சமூகத்தார் அஞ்சுவதைக் கண்டு, அவர்கள் முன்னிலையில் தாமே ஊசி போட்டுக்கொண்டார். ஆராய்ச்சிக்கென்று தம் மாளிகை ஒன்றையும் ஒழித்துக் கொடுத்தார். கட்டாயத்தால் அசையாத ஜனம் நம்பிக்கையால் அசைந்தது. 1898க்குப் பின் சர்க்காரும் பலவந்த முறைகளைச் சிறிது சிறிதாகக் கைவிட்டது.

இத்தகைய மனிதரையும் உலகம் வாட்டாமல் விடவில்லை. 1902இல் பஞ்சாபில் முல்கோவால் என்னும் கிராமத்தில் ஊசி போட்டுக்கொண்டவர்களில் பத்தொன்பது பேர் ஜன்னி கண்டு இறக்க, பழி அவர்மேல் விழுந்தது. குற்றம் அவருடையதன்று என்று 1907இல்தான் தெளிவாயிற்று. அவர் பணிபுரிந்த பரேல் ஆராய்ச்சி நிலையம் 1925 முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ராண்ட் பெயரோ சாபேகர்களின் வரலாற்றில் மட்டும் வருகிறது.

1897ஆம் வருஷத்துச் சட்டம் 2020இல் கொரோனா காலத்தில் மீண்டும் கையில் எடுக்கப்பட்டது. சட்டம் பழையதே, ஆயினும் அதை ஏந்தும் கை எவ்வளவு பண்பட்டதாக இருக்க வேண்டும் என்பதை மேற்கண்ட வரலாறு உணர்த்தும். தொற்று கண்ட வீட்டின் வாசலில் நிற்கப்போகும் இளம் சுகாதார ஆய்வாளர்களே, கிராமச் செவிலியர்களே, உங்களுக்கு வழங்கப்படும் பயிற்சியில் கிருமிகளைப் பற்றியும் மருந்துகளைப் பற்றியும் பாடங்கள் நிறைய உள்ளன. அவற்றோடு வெருவந்த செய்யாமை, கண்ணோட்டம், குறிப்பறிதல் ஆகிய மூன்று அதிகாரங்களின் முப்பது குறளையும் உரையோடு பாடமாக வைக்க வேண்டுமென்று, இம்மலர்க் குழுவாரின் வாயிலாகச் சுகாதாரத் துறை அதிகாரிகளைப் பணிந்து வேண்டிக்கொள்கிறேன். பாடம் சொல்ல ஆள் வேண்டுமாயின், அழைத்தால் வருகிறேன்.